கழுத்தின் பின்னே ஒரு வெள்ளை

அத்தியாயம் 5

பெண்ணின் நெற்றியில் ஒரு கோடு விழுந்தால் அதற்குப் பெயர் முதுமை. ஆணின் நெற்றியில் அதே கோடு விழுந்தால் அதற்குப் பெயர் அனுபவம்! இந்த அகராதியை எழுதியவன் எவன்? அவனுடைய முகவரி கிடைத்திருந்தால் பூரணி தம் முதல் வழக்கை அவன் மீதே தொடுத்திருப்பார். கிடைக்காத காரணத்தால், துறைமுக நகரின் ஓர்ஸ் ஹில் பகுதியில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, 'தனியார் துப்பறிவாளர்' என்று வாசலில் பலகை மாட்டி, வந்த வழக்குகளை ஏற்றுக்கொண்டிருந்தார்.

துறைமுகச் சுங்கத்தில் நெடுங்காலம் பிறருடைய பெட்டிகளைத் திறந்து பார்த்தவர் அவர். ஐம்பதைத் தாண்டிய முகம். அதில் விழுந்த எந்தக் கோட்டையும் அவர் அழிக்க முயன்றதில்லை. அவருடைய உதவியாளன் றுவைஸ், கிண்ணியாக்காரன். ஆட்டோ ஓட்டுவான், ஆட்டோவைவிட வேகமாக வாய் ஓட்டுவான்.

அன்று காலையில் அந்த மாடிப்படியில் அழுதுகொண்டே ஏறி வந்தாள் ஷாமிலா. உட்துறைமுகத்துக்கு அருகே ஒரு கடை வரிசையில் சிறிய அழகு நிலையம் நடத்துபவள்.

"என்னைக் கள்ளி எண்டு சொல்லிட்டாங்க அக்கா."

"ஆர் சொன்னது?"

"கடைக் கட்டடத்துச் சொந்தக்காரர், அபூதாஹிர் ஹாஜியார். அவர்ர மனிசி லைலா ராத்தா போன கிழமை என்ட கடைக்கு பேஷியல் செய்ய வந்தவ. முக்காட்டை எடுத்து, சங்கிலியைக் கழட்டினன். பார்த்தா, சங்கிலிக் கொழுக்கி ஈயம் மாதிரி வெளுத்துப் போயிரிக்கு. 'ராத்தா, கொழுக்கி வெளுத்திரிக்கே' எண்டு நான்தான் வாய் திறந்து சொன்னன். அடுத்த நாள் ஹாஜியார் கடை வாசல்ல வந்து நிண்டு, தங்கக் கொழுக்கியைக் களவெடுத்துப்போட்டு ஈயக் கொழுக்கி மாட்டிட்டாய் எண்டு கத்தினார். வரிசையில இரிக்கிற எல்லாக் கடைக்காரரும் பார்த்துக்கொண்டு நிண்டாங்க. இண்டைக்குப் பொழுதுபட முன்னம் கடைச் சாவி குடுக்கவேணுமாம். இல்லாட்டிப் பொலிசாம்."

றுவைஸ் உச்சுக்கொட்டினான். "களவெடுத்தவளே வெளுத்திரிக்கு எண்டு காட்டிக் குடுத்தாளாம்! கள்ளர் சங்கத்தில இதைச் சொன்னா உங்களை விலக்கிருவாங்க ராத்தா."

"பகிடி விடாதீங்க தம்பி. சாவி போனா கடை மட்டுமா போகும்? பேரும் போயிரும். கள்ளியிர கையில எந்தப் பொம்பிளை தன்ர முகத்தைக் குடுப்பாள்?"

அந்தக் கேள்வியில் வழக்கு முழுவதும் இருந்தது. பூரணி கைப்பையை எடுத்தார். "எழும்புங்கோ. முதல்ல உங்கட கடையைச் சோதிக்கவேணும்."

"என்னையா சந்தேகப்படுறீங்க?"

"உங்களைத்தான் முதல்ல. அப்பதானே மற்றவையைப் பிறகு நிம்மதியாச் சந்தேகப்படலாம்!"

*

ஷாமிலாவின் கடையில் ஒரு கண்ணாடி, இரண்டு கதிரைகள், ஒரு திரை, ஓர் அலுமாரி. வாசலில் 'பெண்களுக்கு மட்டும்' என்ற அறிவிப்பு. அதைக் கண்டதும் றுவைஸ் படியிலேயே நின்று, திரைக்கு வெளியிலிருந்து குரலை மட்டும் உள்ளே அனுப்பினான்.

அலுமாரியிலிருந்த டப்பாக்களையும் போத்தல்களையும் பூரணி எடுத்து மேசையில் வரிசையாக நிறுத்தினார். பொலிஸ் நிலையத்தில் சந்தேக நபர்களை நிறுத்துவது போல.

"இவர் ஆர்?"

"ஈரப்பசைக் கிறீம் அக்கா. தோல் காயாமல் வைக்கும். மெல்லிய கோடுகள் கொஞ்ச நேரம் தெரியாது. பிறகு திரும்ப வந்திரும்."

"அப்ப அது கோட்டை அழிக்கல்ல," என்றது திரைக்கு வெளியிலிருந்த குரல். "கோட்டுக்கு அரை நாள் லீவு குடுக்குது."

"இந்தச் சின்னவர்?"

"ரெட்டினோல். வைத்தமின் ஏ இனத்தது. இது உண்மையாவே வேலை செய்யும், ஆனா மாசக்கணக்கில பொறுக்கவேணும். முதல்ல முகம் சிவக்கும், உரியும். வயித்தில பிள்ளை இரிக்கிறவங்க கேட்டா நான் குடுக்கமாட்டன்."

"ஊசி ஏதும்?"

"ஐயோ, இல்லை! தசையை இளக்கிற ஊசி டொக்டர்மார் போடவேண்டியது. நல்லாப் போட்டாலும் சில மாசம்தான் நிக்கும். பிழையான இடத்தில போட்டா கண்மடல் தொங்கிரும். வீட்டுக்கு வந்து போட்டுவிடுறன் எண்டு சிலர் அலையிறாங்க. அவங்களை வாசல்ல ஏத்தப்படாது."

பூரணி மூலையிலிருந்த பெரிய போத்தலை எடுத்தார். அதன் தலையில் தூசு படிந்திருந்தது.

"இவர் ஏன் குளிக்காமல் இருக்கிறார்?"

"வெயில் கிறீம் அக்கா. இரிக்கிறதுக்குள்ள நல்லவர் இவர்தான். முகத்தில கோடு கீறுறதில பாதி வேலை வெயில்தான் செய்யுது. எங்கட கடற்கரை வெயிலைக் கேக்கவும் வேணுமா? ஆனா வாங்க ஆளில்லை."

"ஏனாம்?"

"வந்த கோட்டை அழிப்பன் எண்டு இது சொல்றதில்லை. வாறதைக் குறைப்பன் எண்டு மட்டும்தான் சொல்லுது."

கண்டீர்களா கொடுமையை! பொய்யுரைக்கும் டப்பாவுக்குப் பொன்னாடை. மெய்யுரைக்கும் போத்தலுக்குத் தூசு! வருமுன் காக்கிறேன் என்று வாசலில் நிற்பவனை விரட்டிவிட்டு, வந்தபின் ஏழே நாளில் விரட்டுகிறேன் என்பவனை வீட்டுக்குள் அழைத்துக் கதிரை போடுகிறது நம் சமுதாயம்.

"ஏழு நாளில சுருக்கம் போகும் எண்ட டப்பா எங்க?" பூரணியின் குரல் திடீரென்று சுங்க அதிகாரியின் குரலாயிற்று.

"அதைக் கேட்டுத்தான் நிறையப் பேர் வாறாங்க. நான் வைக்கிறதில்லை. எங்க செய்தது, என்ன போட்டது எண்டு ஒண்டும் எழுதாத சாமானை எப்படி இன்னொருத்தியிர முகத்தில பூசுறது?"

பூரணி அதை நம்பவில்லை. லாச்சிகளை இழுத்தார், அலுமாரியின் பின்புறத்தைத் தட்டினார், கதிரை மெத்தையைக்கூடத் தூக்கினார். ஒன்றும் இல்லை. கடைசியாக ஷாமிலாவின் வலக்கையைப் பிடித்துத் திருப்பினார். நடுவிரலில் ஒரு மெல்லிய தங்க மோதிரம், மஞ்சள் கிழங்கு போல மினுங்கியது.

"இதைக் கழட்டிப்போட்டோ வேலை செய்யிறனீங்கள்?"

"இது கழராது அக்கா. கலியாணத்தோட போட்டது. விரல் பெருத்துப் போச்சு."

பூரணி இழுத்துப் பார்த்தார். மோதிரம் அசையவில்லை. சிரித்தார். "றுவைஸ்! இவ விடுதலை."

"வழக்கறிஞர் இல்லாமலேயா?"

"மோதிரமே வாதாடிப்போட்டுது."

பிறகு விளக்கினார். அவர் சுங்கத்தில் இருந்தபோது, விரைவில் சுருக்கம் போக்கும், நிறம் வெளுக்கும் என்ற கிறீம் டப்பாக்கள் ஒருமுறை பொதியாகப் பிடிபட்டன. உடைந்த டப்பாக்களைக் கையால் பொறுக்கிய அலுவலர் ஒருவரின் தங்க மோதிரம் சில நாளில் வெள்ளி போலாயிற்று. கிறீமுக்குள் பாதரசம்! அது தங்கத்தைப் பற்றினால் தங்கம் வெளுக்கும்.

"அப்படியொரு கிறீம் இந்தக் கடையில புழங்கியிருந்தா, வாடிக்கையாளரின்ர கொழுக்கிக்கு முதல் உங்கட மோதிரம் வெளுத்திருக்கும். நீங்கள் கொழுக்கியை மாத்தவுமில்லை, கெடுக்கவுமில்லை."

ஷாமிலாவின் முகம் மலர்ந்தது. "அப்ப ஹாஜியாரிட்டச் சொல்லுவமே!"

"சொன்னா நம்புவாரோ? நேற்றுத்தான் மோதிரம் போட்டாய் எண்டுவார். கொழுக்கியை வெளுக்க வைச்ச கையைப் பிடிச்சுக் காட்டினாத்தான் உங்கட பேர் மிஞ்சும். வாங்கோ, அந்தக் கையைத் தேடுவம்."

*

அபூதாஹிர் ஹாஜியாரின் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அபூதாஹிர் ஹாஜியார்தாம். வர்த்தகர் சங்கத் தலைவர் தேர்தலுக்கு நிற்கிறார். வலைக்கடைச் சுவரில், மீன் வாடிச் சுவரில், மின்கம்பத்தில் என்று எங்கும் அவருடைய சுவரொட்டி. அறுபதைத் தாண்டிய மனிதரின் முகத்தில் ஒரு மடிப்பு இல்லை. படத்தில் அவரைச் சுற்றி நின்ற ஆதரவாளர் குழுவின் முகங்களிலும் இல்லை.

றுவைஸ் ஆட்டோவின் வேகத்தைக் குறைத்தான். "பாருங்க அக்கா! ஹாஜியாருக்கு முகம் மட்டும் கொழும்புக்குப் போயிட்டுது. காது இன்னும் குச்சவெளி வெயிலுக்குள்ளதான் இரிக்கு."

"படம் பிடிச்சவன் கணினியில தேய்ச்சிருப்பான். நேரா ஓட்டும்," என்றார் பூரணி. பின்கதிரையில் ஷாமிலாகூட அழுகையை மறந்து சிரித்துவிட்டாள்.

வீட்டில் லைலா அவர்களை அன்போடுதான் வரவேற்றார். ஷாமிலாவைக் கண்டதும் அவருடைய கண்கள் தரையைப் பார்த்தன. "உன்னை நான் ஒண்டும் சொல்லல்ல புள்ள. இவர்தான் கேளாமல் பாய்ஞ்சுட்டார்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தேநீர் கொண்டுவரக் குசினிக்குப் போனார்.

கைக்குட்டையில் சுற்றிய சங்கிலி மேசைக்கு வந்தது. முன்புறம் மஞ்சள், பதக்கம் மஞ்சள், கொழுக்கியும் அதன் இருபுறத்துச் சில கண்ணிகளும் மட்டும் வெள்ளை.

"எப்ப தொடக்கம் வெளுத்தது?"

"எனக்கு என்ன தெரியும் தங்கச்சி? நாள் முழுக்க முக்காட்டுக்குள்ள கிடக்குது. இரவில கழட்டினவுடன லாச்சிக்குள்ள போயிருது. ஷாமிலாட கடையிலதான் வெளிச்சத்தில முக்காடு எடுக்கிறது. அவள் சொல்லித்தான் நானே பார்த்தன்."

"முகத்துக்கு என்ன பூசுறனீங்கள்?"

லைலாவின் புருவம் உயர்ந்தது. "கற்றாழை. வேற ஒண்டுமில்லை."

"ஏழு நாள் கிறீம் ஏதும்? ஒளிக்காமல் சொல்லலாம்."

"நான் ஏன் ஒளிக்க? பேஷியலுக்குப் போறதையே இவருக்குச் சொல்லிட்டுத்தானே போறன்!"

அப்போது வெளிநடையில் செருமல் கேட்டது. அபூதாஹிர் ஹாஜியார் வெள்ளைத் தொப்பியோடு உள்ளே வந்து, பெரிய கதிரையில் அமர்ந்தார். தேநீர்க் கோப்பையை எடுத்தார். கோப்பையும் தட்டும் தந்தியடித்தன.

"தேர்தல் அலைச்சல்," என்றார். "தங்கச்சி, நீங்க படிச்சவங்க. ஒண்டு சொல்றன், கேளுங்க. பொம்பிளைகள் இந்த அழகுக் கடைகளுக்குப் போறதே பிழை. முகம் அல்லாஹ் தந்தது. அதில மனிசர் கை வைக்கலாமா? இந்தக் கடைகளை மூட வைக்கிறதுதான் நான் தலைவரானா முதல் வேலை!"

"சங்கிலியை ஒரு தட்டாரிட்டக் காட்டவேணும் ஹாஜியார்."

"தாராளமா. ஈயம் எண்டு அவனே சொல்லுவான். பொழுதுபட முன்னம் சங்கிலி வரவேணும். இவள்ர கையால சாவியும் வரவேணும்."

*

தட்டார் குணரத்தினம் குறைவாகப் பேசுகிற மனிதர். கொழுக்கியை உரைகல்லில் ஒருமுறை இழுத்தார்; வெண்கோடு விழுந்தது. அதே இடத்தை மறுபடி இழுத்தார், மஞ்சள் கோடு.

"பழைய தங்கம். கொழுக்கி மாத்தேல்லை. மேலால பாதரசம் பிடிச்சிருக்கு. சூடு காட்டினா வெளுப்புப் போயிடும்." அவருடைய கை விளக்கை நோக்கிப் போயிற்று.

பூரணி அதைத் தடுத்தார். "வேண்டாம் ஐயா! அந்த ஆவி நெஞ்சுக்குள்ள போனா நஞ்சு. கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ."

குணரத்தினம் கொழுக்கியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒருநாள் பட்டதில்லை இது. கனநாளா, அதே இடத்தில, பெருவிரலும் சுட்டுவிரலும் பிடிக்கிற அளவுக்கு."

ஆட்டோவில் திரும்பும்போது றுவைஸ் தீர்ப்பே எழுதிவிட்டான். "லைலா ராத்தாதான் அக்கா. விரல்ல கிறீம், விரலால கொழுக்கி. கற்றாழை எண்டு கண்ணைச் சிமிட்டாமல் சொன்னா பாருங்க! நடிப்புக்குப் பரிசு குடுக்கலாம்."

பூரணியும் அவ்வாறே எண்ணினார். வேறு யாருடைய விரல் ஒரு பெண்ணின் பின்கழுத்துக்குப் போகும்?

"எல்லாருக்கும் முன்னால அவவை வெக்கப்படுத்திப் போடாதீங்க அக்கா," என்றாள் ஷாமிலா. "என்ட பேரை மீட்க அவவிட பேரை விக்க எனக்கு ஏலாது."

பூரணி திரும்பி அவளைப் பார்த்தார். தலையசைத்தார்.

*

மாலை வெயில் துறைமுகத்தின் மீது சாய்ந்திருந்தது. ஹாஜியார் கதிரையில் இருந்தபடியே கையை நீட்டினார். "சாவி?"

"முதல்ல சங்கிலி," என்றார் பூரணி. "கொழுக்கி உங்கட பழைய கொழுக்கிதான். சுத்தத் தங்கம். ஷாமிலா ஒண்டும் எடுக்கேல்லை. பாதரசம் பட்டு வெளுத்திருக்கு."

"பாதரசமா? எதில வரும்?"

"சுருக்கம் போக்கிற கள்ளக் கிறீமுகள்ல."

ஹாஜியாரின் முகத்தில் ஒரு கணம் ஏதோ தோன்றி மறைந்தது. அடுத்த கணம் குரலை உயர்த்தினார். "பார்த்தீங்களா! அப்ப இவள்ர கடைக் கிறீம்தான் தங்கத்தைக் கெடுத்திருக்கு! களவை விட இது மோசம். எடு சாவியை!"

ஷாமிலாவின் விரல்கள் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்தன. பூரணி லைலாவின் பக்கம் திரும்பினார், குரலைத் தாழ்த்தினார்.

"ராத்தா, கொஞ்சம் உள்ளுக்கு வாறீங்களோ? தனியாக் கதைக்கவேணும்."

"எனக்கென்ன தனிக் கதை? இங்கேயே சொல்லுங்க."

"கோவிக்கப்படாது. வெளுப்பு விரல் பிடிக்கிற இடத்தில இருக்கு. ஒவ்வொரு நாளும் அந்தக் கொழுக்கியைப் பூட்டுற விரல்..."

லைலா வாய்விட்டுச் சிரித்தார். "என்ட விரலா? தங்கச்சி, என்ட கை பின்னால போய் ஒரு வருஷம். தோள் பிடிச்சிட்டுது. இந்தா பாருங்க!" கையைத் தூக்கினார். அது காதோடு நின்றுவிட்டது. "என்ட தலையைக் கட்டவே எனக்கு ஏலாது. நான் எங்க கொழுக்கி பூட்டுறது?"

"அப்ப ஆர் பூட்டுறது?"

"வேற ஆர்? இவர்தான்! விடியச் சுபஹுத் தொழுதிட்டு வந்து, கண்ணாடிக்கு முன்னால கொஞ்ச நேரம் நிண்டுட்டு, ஒவ்வொரு நாளும் பூட்டிவிடுவார். கழட்டுறதும் அவர்தான்." லைலாவின் குரலில் பெருமை இருந்தது.

பூரணி ஹாஜியாரின் பக்கம் திரும்பினார்.

தம் சங்கிலியைத் தாமே பூட்டிப் பழகிய பூரணி, நாள் முழுவதும் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. பெண்ணின் நகை என்றால் பெண்ணின் விரல். கிறீம் என்றால் பெண்ணின் முகம். கள்ளத்தனம் என்றால் பெண்ணின் மனம்! சீர்திருத்தம் பேசுகிறவரின் மூளைக்குள்ளும் அந்தப் பழைய அகராதி ஒரு மூலையில் இடம் பிடித்திருந்ததே!

"ஹாஜியார்," என்றார் மெதுவாக. "உங்கட கையை ஒருக்கா நீட்டுவீங்களோ?"

"எதுக்கு?" கை சால்வைக்குள் போயிற்று. ஆயினும் மோதிரம் தெரிந்தது. வெள்ளி மோதிரம்.

"தங்கம் ஆம்பிளைக்கு ஆகாது எண்டு நீங்கள் மார்க்கத்தை ஒழுங்காப் பேணியிருக்கிறீங்கள். அதுதான் உங்களைக் காப்பாத்தினது. வெள்ளியில வெளுப்புத் தெரியாதே! உங்கட கையில விழவேண்டிய சாட்சி, உங்கட மனிசியின்ர கழுத்துக்குப் பின்னால விழுந்திருக்கு."

"கொழுக்கி வெளுத்ததை நீங்களும் பார்க்கல்லயா?" என்றான் றுவைஸ்.

"கண்ணாடி போட்டா வயசு தெரியும் எண்டு போடுறதில்லை," என்றார் லைலா. "தடவித்தான் பூட்டுவார்."

"பொய்! இதெல்லாம் பொய்க் கதை!" ஹாஜியார் எழுந்தார். "என்ட அலுமாரியில அப்படி ஒரு கிறீமும் இல்லை!"

"அலுமாரி எண்டு நாங்கள் சொல்லேல்லையே," என்றார் பூரணி.

லைலாவின் முகத்தில் ஏதோ ஓடியது. விறுவிறு என்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு வட்ட டப்பா. "தொப்பிகளுக்குப் பின்னால வச்சிரிக்கிற இதுவா? இதை மூல வருத்தத்துக்கு மருந்து எண்டல்லவா சொன்னீங்க!"

றுவைஸ் சுவரைப் பிடித்துக்கொண்டான். "ஹாஜியார்... மருந்து போகவேண்டிய இடம் ஒண்டு, போன இடம் ஒண்டு!"

"வாயை மூடடா!"

பூரணி டப்பாவைக் கைக்குட்டையால் பிடித்துத் திருப்பினார். ஏழு நாளில் இளமை என்று பெரிய எழுத்து. செய்தவன் பெயர் இல்லை, ஊர் இல்லை, சேர்மானம் இல்லை. அடியில் மட்டும் எறும்பளவு எழுத்தில் ஓர் எச்சரிக்கை: பொன், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்.

பூரணி அதை உரக்க வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "தங்கத்தில படக்கூடாதாம். முகத்தில பூசவேணுமாம். உங்கட முகம் தங்கத்தைவிட மலிவோ, ஹாஜியார்?"

அந்த மனிதர் அமர்ந்தார். பிறகு வந்த குரல் மேடைக் குரல் அல்ல.

"எதிர்ப் பக்கத்தான் என்னைக் கிழவன் எண்டான். எல்லாரும் சிரிச்சாங்க. உண்மையில முகம் வெளுத்துது தங்கச்சி, கோடும் மங்கின மாதிரி இருந்துது. நல்ல சாமான் எண்டுதான் நினைச்சன்."

"மங்கினது உண்மையா இருக்கலாம். அதுக்கு என்ன விலை எண்டதுதான் கேள்வி. கோப்பை ஏன் நடுங்குது? கால் வீங்குதோ?"

"பின்னேரத்தில வீங்குது," என்றார் லைலா. அவருடைய சிரிப்பு மறைந்திருந்தது.

"பாதரசம் தோலுக்குள்ளால இறங்கும். சிறுநீரகத்தைப் பிடிக்கும், நரம்பைப் பிடிக்கும். நாளைக்குக் காலமையே ஆசுபத்திரிக்குப் போய் இரத்தமும் சிறுநீரும் சோதியுங்கோ. ராத்தாவும் போகவேணும். அந்த விரல் அவவின்ர கழுத்திலயும் பட்டிருக்கு; தலையணையிலயும் பட்டிருக்கும். டப்பாவைக் குப்பையில எறியாமல் கட்டிக்கொண்டு போய் டொக்டரிட்டக் குடுங்கோ."

லைலா தம் பின்கழுத்தைத் தொட முயன்றார். கை எட்டவில்லை. அதைக் கண்டு ஹாஜியாரின் தலை தாழ்ந்தது.

"சரி," என்றார் கடைசியில். "ஷாமிலா, சாவி உன்னட்டயே இரிக்கட்டும். கடை உனக்குத்தான். நடந்ததை இந்த வீட்டோட விட்டிருவம். என்ன?"

வழக்கு முடிந்தது என்று றுவைஸ் எழுந்தே விட்டான். ஆனால் ஷாமிலா அசையவில்லை.

"ஏலாது ஹாஜியார்."

"என்ன ஏலாது?"

"என்னைக் கள்ளி எண்டு நீங்க சொன்னது கடை வாசல்ல, வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டு நிக்க. நல்லவள் எண்டு இங்க, குசினிக்குப் பக்கத்தில சொன்னா ஆருக்குக் கேக்கும்? சொன்ன இடத்திலேயே வந்து சொல்லுங்க."

"புள்ள, தேர்தல் வருது! நான் என்னண்டு சொல்லுறது? சிரிப்பாங்களே!"

"என்னையும்தான் ஊர் கள்ளியாப் பார்த்துச்சு. நான் செத்துப் போகல்லயே."

ஹாஜியார் மனைவியைப் பார்த்தார், மீட்பு வேண்டி. லைலா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு செருப்பைத் தேடினார். "எழும்புங்க. நானும் வாறன்."

*

கடை வரிசையில் விளக்குகள் ஏற்றும் நேரம். ஹாஜியார் ஷாமிலாவின் கடைப்படியில் ஏறி நின்றார். பிரசாரக் கூட்டம் என்று எண்ணி, வலைக்கடைக்காரர், இரும்புக்கடைக்காரர், தேநீர்க்கடைக்காரர், அவர்களுடைய மனைவியர், மாலைச் சாமான் வாங்க வந்த பெண்கள் எல்லோரும் கூடினார்கள்.

"ஆக்களே!" என்று தொடங்கினார். தொப்பியைச் சரிசெய்தார். மீண்டும் தொடங்கினார். "போன கிழமை இந்த இடத்தில நிண்டு இந்தப் புள்ளையைக் கள்ளி எண்டு சொன்னன். அது பிழை. இவள் ஒண்டும் எடுக்கல்ல. கொழுக்கி தங்கம்தான். அது வெளுத்தது பாதரசத்தால. பாதரசம் இரிந்தது ஒரு கள்ளக் கிறீமில. அந்தக் கிறீமைப் பூசினது..." மென்று விழுங்கினார். "பூசினது நான்."

தேநீர்க்கடையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. வரிசை முழுவதும் பற்றிக்கொண்டது. ஹாஜியார் படியிலிருந்து இறங்கவில்லை. நின்றார். சிரிப்பை முழுவதுமாக வாங்கிக்கொண்டு நின்றார். மேடையேறிய நாளிலிருந்து அந்த மனிதர் ஆற்றிய உரைகளிலேயே உயர்ந்தது அந்த மிகச் சிறிய உரைதான்!

ஆனால் எல்லோரும் சிரிக்கவில்லை என்பதைப் பூரணி கவனித்தார். இரும்புக்கடைக்காரர் சிரிக்கவில்லை. வலைக்கடைக்காரர் சிரிக்கவில்லை. சுவரொட்டியில் ஹாஜியாரைச் சுற்றி நின்ற ஆதரவாளர் எவருமே சிரிக்கவில்லை.

"ஹாஜியார்," என்றார் இரும்புக்கடைக்காரர். "அது... படம் பிடிக்க முன்னம் எங்களுக்கெல்லாம் ஒவ்வொண்டு தந்தீங்களே... அந்த டப்பாவா?"

"ஓம்," என்றார் ஹாஜியார். "அதைத்தான் அடுத்ததாச் சொல்ல வந்தனான். எல்லாரும் நாளைக்கு என்னோட ஆசுபத்திரிக்கு வாங்க."

சிரிப்பு சட்டென்று நின்றது. கூட்டத்திலிருந்த பெண்களின் கைகள் ஒன்றன்பின் ஒன்றாக முக்காட்டின் பின்புறத்தைத் தொட்டன. நடுவீதியில் முக்காட்டை விலக்கிப் பார்க்க முடியாது. ஒருத்தி ஷாமிலாவைப் பார்த்தாள், மற்றவளும் பார்த்தாள். ஷாமிலா கதவைத் திறந்தாள். நேற்றுவரை அந்தக் கடையை விலகி நடந்த பெண்கள் எல்லோரும் அந்தத் திரைக்குப் பின்னால் நுழைந்தார்கள். கணவர்மாரும் படியேற முயன்றார்கள்.

"நீங்க வெளியில நில்லுங்க," என்றாள் ஷாமிலா. கதவைச் சாத்தினாள்.

வீதியில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். அவர்களோடு ஹாஜியாரும் நின்றார். எவரும் எவரையும் பார்க்கவில்லை. உள்ளே விளக்கு எரிந்தது. கழுத்துச் சங்கிலிகள் கழலும் மெல்லிய ஓசை கேட்டது.

திரைக்குப் பின்னாலிருந்து ஷாமிலாவின் குரல் உரத்து வந்தது: "இந்தா, இங்கயும் ஒண்டு வெளுத்திரிக்கு! இது ஆருட மனிசி?"

இரும்புக்கடைக்காரர் மெதுவாக நடைபாதையில் உட்கார்ந்தார்.